பின்கோடு இல்லாத கேள்விகள்: தபாலாபீஸ் அக்கா பதில்கள்

இந்த தடவை வந்த லெட்டர், மெயில், வாட்ஸ்அப் எல்லாத்தையும் ஒரே மேஜைல கொட்டி பிரிச்சேன். 37 வருஷம் தபாலாபீஸ்ல சார்ட்டிங் பண்ண கை, சும்மா இருக்குமா, ஊர் வாரியா பிரிக்கறதுக்கு பதிலா விஷயம் வாரியா பிரிச்சுது. சமையல், மாமியார், மூட்டுவலின்னு வழக்கமா வர்ற கட்டெல்லாம் இந்த மாசம் சின்னதாயிடுச்சு. "நான் எதுக்கு இருக்கேன்"ங்கற கட்டு மட்டும் ரப்பர் பேண்ட் தாங்காம வீங்கி நிக்குது. மழைக்காலம் வந்தாலே ஜனங்களுக்கு இப்படித்தான் ஆகுமோ என்னவோ. சரி, அதையே எடுப்போம்.

அக்கா, எனக்கு 27 வயசு, ஐடி வேலை, சம்பளம் ஓகே, அம்மா அப்பா நல்லா இருக்காங்க, சொல்லிக்கற மாதிரி கஷ்டம் எதுவும் இல்ல. ஆனா ராத்திரி லைட்ட ஆஃப் பண்ணா "அவ்ளோதானா?"ன்னு நெஞ்சுல ஒரு மாதிரி பண்ணுது. பர்பஸ் பத்தி பாட்காஸ்ட் கேக்குறேன், ஜர்னல் எழுதுறேன், இகிகாய்னு, புடிச்சது, தெரிஞ்சது, காசு வர்றது, உலகத்துக்கு வேணுங்கறதுன்னு நாலு வட்டம் போட்டு நடுவுல பர்பஸ தேடுவாங்களே அதையும் போட்டு பாத்துட்டேன், நடுவுல ஒண்ணுமே வரல. எல்லாருக்கும் ஏதோ ஒண்ணு இருக்கு, எனக்கு மட்டும் இல்ல. எப்படி கண்டுபிடிக்கறது?
— ஒரு வாசகி, சோழிங்கநல்லூர்

நடுவுல ஒண்ணும் வரலன்னு நீ எழுதின இடத்துல எனக்கு சிரிப்பு வந்துடுச்சும்மா, கோச்சுக்காத. உன்னை பாத்து இல்ல, அந்த வட்டத்தை பாத்து. நான் ஒரு ஆள் கதை சொல்றேன், ஸ்கூல்ல பேரு படிச்சிருப்ப, மார்க்குக்கு படிச்சதால மறந்திருப்ப.

உ.வே.சாமிநாதையர். 1855ல பொறந்தவர், உத்தமதானபுரத்துக்காரர். மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைகிட்ட வருஷக்கணக்குல கூடவே இருந்து தமிழ் படிச்சார், அந்த காலத்துல ஒரு தமிழ் வித்வான் என்னென்ன படிக்கணுமோ அத்தனையும் படிச்சாச்சு. 1880ல கும்பகோணம் காலேஜ்ல வேலையும் கெடைச்சாச்சு. 25 வயசு, அதாவது உன்னை விட ரெண்டு வயசு சின்னவர். இன்னிக்கு கணக்குல சொல்லணும்னா செட்டில் ஆயிட்ட பையன். அவருக்குள்ள பர்பஸ் ஏதாவது கொதிச்சுதான்னா, அப்படி எதையும் தேடிக்கிட்டு அலைஞ்சதா தெரியல.

அதே வருஷம் கும்பகோணத்துக்கு சேலம் ராமசாமி முதலியார்னு ஒரு முன்சீப், அதாவது கோர்ட் ஜட்ஜ், மாத்தலாகி வந்தார். ஊருக்கு வந்த பெரிய மனுஷர், போய் பாத்துட்டு வான்னு சொல்ல, இவரும் போனார். முன்சீப் என்னென்ன படிச்சிருக்கீங்கன்னு கேட்டார். இவரும் அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ்னு வரிசையா அடுக்கினார், ஒரு எழுவது எம்பது பேராவது சொல்லி அசத்திடலாம்னு நெனைச்சிருப்பார். அந்த மனுஷன் முகத்துல ஒரு அசைவும் இல்ல. இதெல்லாம் படிச்சு என்ன பிரயோஜனம்னு கேட்டுட்டார்! நீயே யோசி, வருஷக்கணக்கா படிச்ச படிப்பை ஒருத்தர் முகத்துக்கு நேரா எதுக்கு ஆகும்னு கேட்டா எப்படி இருக்கும், அப்ரைசல்ல மேனேஜர் கேக்கறதெல்லாம் இதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல. அப்புறம் சீவக சிந்தாமணி படிச்சிருக்கீங்களா, மணிமேகலை, சிலப்பதிகாரம் படிச்சிருக்கீங்களான்னு கேட்டார். படிச்சதில்ல. புஸ்தகமே கண்ணுல பட்டதில்ல.

சாமிநாதையர் அவமானப்பட்டு வீட்டுக்கு வந்து கதவை சாத்திக்கல. புஸ்தகம் கெடைச்சா படிச்சுடுவேன்னு ஒரு தைரியத்துல சொல்லிட்டு வந்தார். முன்சீப்பும் விடல, சிந்தாமணி பிரதி ஒண்ணை தேடி குடுத்தார். பிரிச்சா புரியல. சமண காப்பியம், இவரோ சைவ மடத்துல வளந்த படிப்பு. என்ன பண்ணார் தெரியுமா, கும்பகோணத்துல இருந்த ஜைனர் வீடுகளுக்கு போய், அவங்க திண்ணைல உக்காந்து, எனக்கு இது தெரியல சொல்லிக்குடுங்கன்னு கேட்டார். காலேஜ் வாத்தியார்! இதுதான் எனக்கு அந்த கதைலயே புடிச்ச இடம். அங்கருந்து ஒரு ஏடு இன்னொரு ஏட்டுக்கு இழுத்துட்டு போக, 1887ல சிந்தாமணி அச்சுல வந்துச்சு, அப்புறம் பத்துப்பாட்டு, 1892ல சிலப்பதிகாரம், 1894ல புறநானூறு, 1898ல மணிமேகலை. 1942ல சாகற வரைக்கும் அந்த வேலைதான். கரையான் தின்னுட்டிருந்த ஓலையை தேடி ஊர் ஊரா போன ஆளு.

இப்ப சொல்லு, அந்த முன்சீப்பை பாக்கப் போறதுக்கு முந்தின நாள் ராத்திரி அவரை உக்கார வெச்சு நாலு வட்டம் போட சொல்லியிருந்தா நடுவுல என்ன வந்திருக்கும்? அந்தாதி வந்திருக்கும்!

நான் என்ன சொல்ல வர்றேன்னா, நீ உன் உள்ளுக்குள்ளயே தோண்டிக்கிட்டு இருக்க. உள்ள ஏற்கனவே என்ன போட்டு வெச்சிருக்கியோ அதுதானே கைக்கு வரும். அவருக்கு அது வெளிலருந்து வந்துச்சு, அதுவும் எரிச்சல் பண்ற ஒரு கேள்வியா வந்துச்சு. உன்னை அப்படி யாராவது சமீபத்துல எரிச்சல் பண்ணாங்களா? "உனக்கு இதுகூட தெரியாதா"ன்னு கேட்டு, நீ ரெண்டு நாள் மனசுல அவங்களோட சண்டை போட்டுட்டு இருந்த விஷயம் ஏதாவது இருக்கா? அதை எழுதி அனுப்பு. ஒரு மாசம் பாட்காஸ்டை நிறுத்திட்டு, உனக்கு தெரியாத வேலை செய்யற யார் கூடவாவது சனிக்கிழமை போய் உக்காரு. அபார்ட்மென்ட்ல தண்ணி மோட்டார் ரிப்பேர் பண்ண வர்றவரா கூட இருக்கட்டும். ஒண்ணும் கெடைக்கலன்னா மோட்டாராவது கத்துக்கலாம், சோழிங்கநல்லூர்ல அதுக்கு மதிப்பு ஜாஸ்தி.

காதல்னா என்ன? ஒரே வரியில் சொல்லவும்.
— கல்லூரி மாணவர், நாமக்கல்

வார்த்தைக்கு காசுன்னு சுருக்கறதுக்கு இது தந்தியா தம்பி? தந்தியையே 2013 ஜூலைல நிறுத்தியாச்சு. கரண்ட் போன ராத்திரில தூக்கக் கலக்கத்துலயே விசிறியை எடுத்து, தன் பக்கம் வீசிக்காம பக்கத்துல படுத்திருக்கறவங்க பக்கம் வீசறது. இன்வெர்ட்டர் இருக்கற வீட்டுல என்னன்னு கேக்காத, எனக்கு தெரியாது.

மேடம், கல்யாணம் ஆகி நாலு வருஷம். லவ் மேரேஜ்தான். இப்ப எதுக்கெடுத்தாலும் சண்டை. ஆன்லைன்ல இருந்தீங்களே ஏன் ரிப்ளை பண்ணல, ப்ளூ டிக் வந்துச்சே ஏன் பேசல, யார் கூட சாட்ல இருந்தீங்கன்னு. நான் ஒண்ணும் தப்பு பண்ணல, கம்பெனி குரூப்ல ஷிப்மென்ட் பத்தி பேசிட்டு இருந்தேன். இப்ப நான் ஸ்டேட்டஸையே ஹைட் பண்ணிட்டேன், அதுக்கும் சண்டை. பதினெட்டு நாளா பேச்சு இல்ல. லவ்னா இப்படி இருக்காதே, நாங்க தப்பான முடிவு எடுத்துட்டோமா?
— எக்ஸ்போர்ட் கம்பெனி ஊழியர், திருப்பூர்

உங்க லெட்டரை படிச்சதும் எழுந்து போய் திருக்குறளை எடுத்தேன். ஐயோ அட்வைஸான்னு பயப்படாதீங்க, நான் எடுத்தது மூணாவது பால். ஸ்கூல்ல நமக்கு சொல்லித்தராம தாண்டிப் போவாங்களே, அந்த 25 அதிகாரம். அதுல கடைசி மூணு அதிகாரம், முப்பது குறள், முழுக்க புருஷன் பொண்டாட்டி கோவிச்சுக்கறது பத்தியே இருக்கு. 1330 குறள் எழுதின மனுஷன் கடைசில போய் நின்ன இடம் எது பாருங்க.

அதுல மூணு தும்மல் இருக்கு. முத தும்மல்: ரெண்டு பேருக்கும் சண்டை, பேச்சு இல்ல, உங்க வீடு மாதிரியே. அவன் வேணும்னே தும்முறான். ஏன்னா தும்மினா "நூறு வயசு"ன்னு வாழ்த்தறது வழக்கம், அவ வாயத் தொறந்துதானே ஆகணும். என்ன ஒரு கள்ளன் பாருங்க. ரெண்டாவது: அவன் நிஜமாவே தும்முறான், அவளும் வாழ்த்தறா, வாழ்த்தின அடுத்த நொடியே அழ ஆரம்பிக்கறா, யார் உங்களை நெனைச்சதுனால தும்மினீங்கன்னு. மூணாவது: இந்த வம்பே வேணாம்னு அவன் மூக்கை புடிச்சு தும்மலை அடக்கறான். அதுக்கும் அழறா! உங்க ஆளு உங்களை நெனைக்கறத எங்கிட்டேருந்து மறைக்கறீங்களான்னு.

ஸ்டேட்டஸ் ஹைட் பண்ணேன்னு எழுதியிருக்கீங்களே, அது அந்த மூணாவது தும்மல்தான் தம்பி. வாட்ஸ்அப் வர்றதுக்கு எத்தனையோ நூறு வருஷம் முன்னாடியே இது நடந்து, எழுதியும் வெச்சாச்சு. அதனால "லவ்னா இப்படி இருக்காதே"ன்னு நீங்க கேட்டதுக்கு பதில், இப்படியும் இருக்கும்.

ஆனா அங்கயே இன்னொண்ணும் சொல்லியிருக்கார். ஊடல் உப்பு மாதிரியாம், கொஞ்சம் கூடுதலா நீள விட்டா சாப்பாடே வாயில வைக்க முடியாதாம். பதினெட்டு நாள்ங்கறது உப்பு இல்ல, அது உப்பளம். வேதாரண்யம்! உங்க லெட்டர்ல நீங்க தப்பு பண்ணலன்னு ஒரு தடவை எழுதியிருக்கீங்க, சரி, நம்புறேன். ஆனா அவங்க பகல் முழுக்க என்ன பண்றாங்க, வேலைக்கு போறாங்களா, வீட்டுல தனியா இருக்காங்களா, அந்த ஊர்ல அவங்களுக்கு பேச ஆள் இருக்கா, ஒரு வரி இல்ல. லவ் மேரேஜ்னா பொண்ணு பாதி நேரம் தன் வீட்டு ஆளுங்களை விட்டுட்டு வந்திருக்கும். அவங்களுக்கு ப்ளூ டிக் அடிக்கறதுக்கு உங்களை விட்டா வேற நம்பரே இல்லையோ என்னவோ. அதை மொதல்ல விசாரிங்க. இன்னிக்கு வீட்டுக்கு போனதும் தும்முங்க. நிஜமாத்தான் சொல்றேன்.

நான் 11 பௌர்ணமி கிரிவலம் போய்ட்டேன். மனசுல எந்த தெளிவும் வரல. இன்னும் எத்தனை தடவை போகணும்?
— ஒரு வாசகர், விழுப்புரம்

14 கிலோமீட்டர் இன்ட்டு 11, 154 கிலோமீட்டர் ஆச்சு. சுகருக்கு நல்லது.

அதே திருவண்ணாமலைல 1896ல பதினாறு வயசு பையன் ஒருத்தர் மதுரைலருந்து வந்து எறங்கினார், 1950ல உடம்பை விடற வரைக்கும் வேற எங்கயும் போகல. ரமண மகரிஷி. உலகம் பூரா இருந்து ஆளுங்க தெளிவு வேணும்னு வந்து அவர் முன்னாடி உக்காந்தாங்க. அவர் என்னடான்னா ரொம்ப வருஷம் விடியறதுக்கு முன்னாடியே எழுந்து ஆசிரமத்து கிச்சன்ல காய் நறுக்கிட்டு, சட்னி அரைச்சுட்டு இருந்தவர். தெளிவு எனக்கு வரலன்னு யாராவது சொன்னா, யாருக்கு வரலன்னு திருப்பி கேப்பார். நீங்க எத்தனாவது தடவைல வரும்னு எண்ணிக்கிட்டே நடக்கறீங்க. பன்னெண்டாவது தடவை எண்ணாம போங்க, இல்லன்னா வீட்டுலயே இருந்து காய் நறுக்கி குடுங்க, வீட்டம்மாவுக்கு தெளிவு வரும்.

அம்மா, மில்லில் 34 வருடம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து அடுத்த மாதம் 58 வயதில் ஓய்வு பெறுகிறேன். பெண்ணுக்குத் திருமணம் முடிந்தது. கடன் இல்லை. எல்லோரும் "இனிமே ஜாலிதான் சார்" என்கிறார்கள். எனக்கோ வயிற்றைப் பிசைகிறது. என் வாழ்க்கை முடிந்துவிட்டதாகவே தோன்றுகிறது.
— கணக்கர், ராஜபாளையம்

சார், ரிட்டையர் ஆன மொத வாரம் நானும் காலைல ஏழு மணிக்கே பொடவை கட்டிக்கிட்டு வாசல்ல நின்னேன். எங்க போறன்னு கேட்டாங்க வீட்டுல. எனக்கே தெரியல. அந்த வயித்தை பிசையறது எனக்கு தெரியும், அதுக்கு ஜாலின்னு பேரு வெச்சவங்க யாரும் ரிட்டையர் ஆனவங்க இல்ல.

உங்க ஊர் பக்கத்துக்காரர் ஒருத்தரை பத்தி சொல்லணும். எட்டயபுரம் பக்கம் வடமலாபுரம்னு கிராமம், 1918ல பொறந்தவர், கோவிந்தப்பா வெங்கடசாமி. டாக்டருக்கு படிச்சார். பிரசவ டாக்டர் ஆகணும்னு ஆசை, ஏன்னா சொந்தத்துல பொண்ணுங்க பிரசவத்துல செத்து போனத சின்ன வயசுலயே பாத்தவர். முப்பது வயசு வாக்குல முடக்குவாதம் வந்துச்சு. மாசக்கணக்கா படுக்கை. எழுந்தப்போ கை விரல் எல்லாம் கோணி திருகி போச்சு. பிரசவம் பாக்கற வேலை அந்த கைக்கு முடியாதுன்னு ஆயிடுச்சு. சரின்னு கண் டாக்டர் படிப்புக்கு போனார். கோணல் விரல்ல கத்தி புடிக்க பழகினார், அதுக்கு தோதா கருவி செஞ்சு வெச்சுக்கிட்டார், அந்த கையால ஆயிரக்கணக்குல கண் ஆபரேஷன் பண்ணார்.

அந்த ஆபரேஷன் எல்லாம் கவர்மென்ட் வேலைல இருந்தப்போ. 1976ல, 58 வயசு, ரிட்டையர்மென்ட். நீங்க இப்ப நிக்கற அதே படிக்கட்டு சார். அப்பதான் மதுரைல ஒரு வீட்டுல 11 படுக்கையோட அரவிந்த் கண் மருத்துவமனைய ஆரம்பிச்சார். தம்பி தங்கச்சிங்க எல்லாரும் கூட வந்து சேந்தாங்க. காசு குடுக்க முடிஞ்சவங்ககிட்ட வாங்கி, முடியாதவங்களுக்கு ஃப்ரீயா பண்றதுன்னு ஒரு ஏற்பாடு, இன்னிக்கு உலகத்துலயே பெரிய கண் ஆஸ்பத்திரிகள்ல அது ஒண்ணு. ஒரு வேடிக்கை என்னன்னா, அவருக்கு ஒரு பக்கம் அரவிந்தர், இன்னொரு பக்கம் மெக்டொனால்ட்ஸ். பன்னு எப்படி எல்லா ஊர்லயும் ஒரே மாதிரி, ஒரே வேகத்துல வருது, அப்படி கண் ஆபரேஷன் பண்ண முடியாதான்னு யோசிச்ச ஆளு. 2006 வரைக்கும் இருந்தார்.

இதை சொன்னதும் நீங்க, நான் என்ன டாக்டரா, ஆஸ்பத்திரி கட்ட முடியுமான்னு கேப்பீங்க. கட்ட வேணாம். அவர் கதைல நான் பாக்கறது ஆஸ்பத்திரி பெருசானதை இல்ல. 58ல அவருக்கு புதுசா எந்த ஞானமும் வரல, அத்தனை வருஷமா கை எதை பழகியிருந்துச்சோ அதையே எடுத்துட்டு வேற இடத்துக்கு போனார். உங்க கை 34 வருஷம் கணக்கு எழுதியிருக்கு. உங்க தெருவுல மகளிர் சுய உதவிக்குழு ஒண்ணு இல்லாமயா இருக்கும்? அந்த நோட்டை ஒரு தடவை வாங்கி பாருங்க. வட்டி கணக்கு எங்க தப்புது, எந்த லோன் ஏஜென்ட் எவ்ளோ கூட எழுதறான்னு உங்க கண்ணுக்கு அஞ்சு நிமிஷத்துல தெரியும். அதை ஏழாம் தேதிக்குள்ள பண்ணுங்க, ஏன்னா எட்டாம் தேதிலருந்து டீவி சீரியல் புடிச்சுக்கும், அனுபவத்துல சொல்றேன். பென்ஷன் ஃபாரத்துல நாமினி பேரு சரியா இருக்கான்னும் பாத்துக்கோங்க, அதுல தப்பு விட்டவங்க எவ்வளவோ பேரை கவுன்டர்ல பாத்திருக்கேன்.

அவன் கல்யாணம் ஆகி மூணு வருஷம் ஆச்சு. எனக்கு இன்னும் அவன் நெனப்பாவே இருக்கு. ஏன் போனான்னு ஒரு வார்த்தை சொல்லல. அது மட்டும் தெரிஞ்சா போதும், நான் மூவ் ஆன் ஆயிடுவேன். வீட்டுல மாப்பிள்ளை பாக்கறாங்க, யாரை பாத்தாலும் அவன் மாதிரி இல்லன்னு தோணுது.
— பெயர் வேண்டாம், கும்பகோணம்

இதுக்கு பதில் எழுதலாமா வேணாமான்னு மூணு நாள் யோசிச்சேன்.

எங்க டிபார்ட்மென்ட்ல ஆர்.எல்.ஓ.ன்னு ஒண்ணு உண்டு. யார்கிட்டயும் சேக்க முடியாத, அனுப்பினவங்ககிட்டயும் திருப்பி குடுக்க முடியாத லெட்டரெல்லாம் கடைசில அங்கதான் போய் சேரும். போஸ்ட்மேன் ஒரு லெட்டரை திருப்பி எடுத்துட்டு வந்தா மேல காரணம் எழுதணும். வீடு பூட்டியிருக்கு, ஆள் ஊரை விட்டு போயிட்டாங்க, அப்படி யாரும் இல்ல, வாங்க மறுத்துட்டாங்க. இந்த நாலஞ்சுக்குள்ள எல்லாம் அடங்கிடும். ஏன் மறுத்தாங்கன்னு எழுத எடமே கிடையாது. போஸ்ட்மேன் கேக்கவும் மாட்டார்.

எனக்கு 24 வயசுல ஆர்.எம்.எஸ்.ல, அதாவது ரயில்வே தபால் பிரிவுல, ஒருத்தர் இருந்தார். ராத்திரி ரயில்ல சார்ட்டிங் டூட்டி, விடியக்காலைல பை எறக்க வரும்போது ரெண்டு வார்த்தை பேசுவோம், அவ்ளோதான், ஒண்ணா ஒரு டீ கூட குடிச்சதில்ல. ஆனா வீட்டுல சொல்லலாம்னு அவரே சொன்னார். அப்புறம் வேற செக்‌ஷனுக்கு மாத்தல் வாங்கிட்டு போயிட்டார். மூணு மாசத்துல கல்யாணப் பத்திரிக்கை வந்துச்சு, அதுவும் ஆபீஸ்ல எல்லாருக்கும் பொதுவா ஒண்ணு. நானும் உன்னை மாதிரிதான், ஏன்னு மட்டும் தெரிஞ்சா போதும்னு நாலு வருஷம் ஓட்டினேன். அப்புறம் ஒரு நாள் தெரிஞ்சுது. ஒரு ட்ரெய்னிங்ல எதேச்சையா பாத்தப்போ அவரே சொன்னார், அப்பாவுக்கு நெஞ்சுவலி, மாமன் பொண்ணு, வழக்கமான கதை. கேட்டுட்டு ஹாஸ்டல் ரூமுக்கு வந்து உக்காந்தேன். ஒண்ணுமே மாறலம்மா. காரணம் தெரிஞ்சா பூட்டு தொறக்கும்னு நாலு வருஷம் நெனைச்சது, தொறந்து பாத்தா உள்ள ஒரு அப்பா, ஒரு நெஞ்சுவலி.

அதனால அந்த "ஏன்"ஐ நீ வாங்கிக்க முடியலன்னு ரொம்ப வருத்தப்படாத, நான் வாங்கிப் பாத்துட்டேன், உனக்கும் சேத்து. இன்னொண்ணு, வர்ற மாப்பிள்ளைங்க அவன் மாதிரி இல்லன்னு எழுதியிருக்க. அவனே இப்ப அவன் மாதிரி இருக்க மாட்டான். மூணு வருஷம் ஆச்சு, தொப்பை வந்திருக்கும், குழந்தைக்கு டயப்பர் வாங்க நின்னுட்டிருப்பான். நீ ஒப்பிட்டு பாக்கற ஆளு கும்பகோணத்துல எந்த தெருவுலயும் இல்ல. ஆனா வீட்டுல பாக்கறாங்களேன்னு அவசரப்பட்டு தலையாட்டிடாத, இப்ப வேணாம்னு அம்மாகிட்ட மட்டும் சொல்லு. காரணத்தையும் சொல்லு. அம்மாக்கள் நாம நெனைக்கறதை விட ஜாஸ்தி தாங்குவாங்க, என் அம்மாகிட்ட சொல்லாம விட்டது எனக்கு இன்னிக்கும் உறுத்தல்.

ஜாதகப்படி எனக்கு 32 வயசுக்கு அப்புறம்தான் நல்ல நேரமாம். இப்ப 29. அதுவரை என்ன செய்வது?
— ஒரு வாசகர், கரூர்

பல்லு கில்லு தேய்ச்சுட்டு இருங்க.

அம்மா நான் பெருசா படிக்கல, பேத்திய எழுதச் சொல்லி எழுதறேன். 62 வயசு. அவரு போயி ஆறு வருஷம். மகன் துபாய்ல, மக திருச்சில. யாரும் கொறை வெக்கல. ஆனா நான் எனக்குன்னு என்ன பண்ணேன்னு யோசிச்சா ஒண்ணும் ஞாபகம் வரல. ஆக்கிப் போட்டேன், பெத்தேன், வளத்தேன், பாத்துக்கிட்டேன். இதெல்லாம் ஒரு வாழ்க்கையான்னு தோணுது. யாருகிட்ட கேக்கறதுன்னு தெரியல.
— புதுக்கோட்டை மாவட்டத்துலருந்து

அக்கா, பேத்திக்கு மொதல்ல ஒரு முத்தம், கையெழுத்து முத்து முத்தா இருக்கு.

62ன்னு போட்டிருக்கீங்க, புதுக்கோட்டைன்னும் போட்டிருக்கீங்க. அப்ப 1991ல உங்களுக்கு 28 வயசு இருக்கும். நான் அப்ப உங்க மாவட்டத்துலதான் ஒரு சப் போஸ்டாபீஸ்ல இருந்தேன், வேலைக்கு சேந்து கொஞ்ச வருஷம்தான். அறிவொளி இயக்கம் ஞாபகம் இருக்கா? ராத்திரி லாந்தர் வெளிச்சத்துல எழுத்து சொல்லிக்குடுப்பாங்களே. ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்த காலம். எழுத்தோட சேத்து பொம்பளைங்களுக்கு சைக்கிள் ஓட்டவும் சொல்லிக்குடுத்தாங்க, ஊருக்கு ஊரு பொட்டல்ல, சேலைய வரிஞ்சு கட்டிக்கிட்டு, கல்குவாரில வேலை பாக்கறவங்க, நர்ஸம்மா, பால்வாடி டீச்சர், களையெடுக்கறவங்கன்னு கும்பல் கும்பலா விழுந்து எழுந்தாங்க. ஒரு லட்சம் பேருக்கும் மேல கத்துக்கிட்டாங்க. லேடீஸ் சைக்கிள் கெடைக்காம ஜென்ட்ஸ் சைக்கிள்லயே ஓட்டினாங்க, அதுலயும் சிலபேரு அதுதான் நல்லதுன்னாங்க, ஏன்னா முன்னாடி பார்ல புள்ளைய உக்கார வெச்சுக்கலாம். வர்றவன் போறவன் எல்லாம் கிண்டல் பண்ணான், கண்டபடி பேசினான். ஓட்டினாங்க.

நானும் அங்கதான் கத்துக்கிட்டேன். அதுக்கு முன்னாடி எனக்கும் ஓட்டத் தெரியாது, கவர்மென்ட் வேலைல இருந்துக்கிட்டே பஸ்ஸுக்காக ஒண்ணரை மணி நேரம் நிப்பேன். எனக்கு பின்னாடி கேரியரை புடிச்சுக்கிட்டு ஓடி வந்து சொல்லிக்குடுத்தது களையெடுக்கற ஒரு அக்கா, என்னை விட ரெண்டு மூணு வயசு பெரியவங்க. கண்ணை ரோட்டுல வை, டயரை பாக்காதன்னு கத்திக்கிட்டே வருவாங்க. பேரு கேட்டு வெச்சுக்கல. நான் நாலு தடவை விழுந்தேன், அஞ்சாவது தடவை அவங்க கையை எப்ப விட்டாங்கன்னே தெரியல, திரும்பி பாத்தா ரொம்ப தூரத்துல நின்னு முந்தானையால மொகத்தை தொடைச்சுக்கிட்டு இருந்தாங்க.

அவங்களை போய் யாராவது "உங்களுக்குன்னு என்ன பண்ணீங்க"ன்னு கேட்டா அவங்களும் உங்களை மாதிரிதான் ஆக்கிப் போட்டேன், பெத்தேன்னு சொல்லுவாங்க. என்னை ஞாபகமே இருக்காது. நான் அந்த சைக்கிள்ல பன்னெண்டு வருஷம் ஆபீஸ் போனேன்.

உங்களுக்கு ஓட்டத் தெரியுமா அக்கா? அப்ப கத்துக்கிட்டீங்களா, இல்ல வீட்டுல விடலையா? ஓட்டினீங்கன்னா முத தடவை தனியா எங்க போனீங்கன்னு எழுதுங்க, அதை எதுலயும் சேக்காம விட்டுட்டீங்களோன்னு எனக்கு சந்தேகம். விடலன்னா, முட்டி நல்லா இருக்கான்னு பாத்துட்டு பேத்தியோட சைக்கிளை ஞாயித்துக்கிழமை வாங்குங்க. கேரியரை புடிச்சுக்க அவ இருக்கா. டயரை மட்டும் பாக்காதீங்க.

பி.கு: போன மாசம் எனக்கு மாகாளிக்கிழங்கு ஊறுகாய் அனுப்பின வாசகிக்கு. பாட்டில் ஒடையாம வந்துச்சு, பாதி காலி, ருசி அபாரம். பாட்டிலை திருப்பி அனுப்பலாம்னா அட்ரஸ்ல எண்ணெய் கசிஞ்சு ஊர் பேரும் பின்கோடுல கடைசி ரெண்டு நம்பரும் அழிஞ்சு போச்சு. மிச்ச நாலு நம்பரை வெச்சு தேடிப் பாத்தேன், 37 வருஷ சர்வீஸ் கைகொடுக்கல. ஒரு கார்டு போடுங்க.